அத்தை தின்ற கல்

போன மாதம் அபர்டீன் பஜாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நம் பள்ளிக்கூடச் செட்டுக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே கேட்டாள்: “அந்தக் கல்லை இன்னுமா வீட்டுல வச்சிருக்க?” ஆமாம் என்றேன். “உனக்குக் கிறுக்கு முத்திப்போச்சு. கொண்டுபோய்ச் சேத்துட்டு வேலையைப் பாரு” என்று சொல்லிவிட்டு, நான் பேரம் பேசி முடித்து வைத்திருந்த சூரை மீனைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வண்டூர்ப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என் பென்சில்களையெல்லாம் கடித்துத் துப்பியவள் அவள். இன்னும் திருந்தவில்லை.

அவளுக்கும், இதே கேள்வியைக் கேட்கக் காத்திருக்கும் உங்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நம்மில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டி வலி. இன்னும் தள்ளிப்போட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

நெட்டைப் பெரியவரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம் அந்தமான் வண்டூரிலிருந்து கரையோரமாக நடந்து, அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடும் ஓடையைப் பலகைப் பாலத்தில் தாண்டி, தாழம்புதரைக் கையால் விலக்கிக்கொண்டு போனால் ஒரு முனை வரும். அங்கே மோவா மரத்தடியில்தான் அவர் சமாதியாகப் படுத்திருந்தார். இரண்டு டிங்கிப் படகுகளை வரிசையாகக் கவிழ்த்துப் போட்டால் வருகிற நீளம். மேலே முழுக்க வெள்ளைப் பவளக்கற்கள், கைக்கு அடங்குகிற அளவில், உப்பும் வெயிலும் தின்று வழுவழுத்துப் போனவை. ஹிந்தி பேசுகிறவர்களுக்கு அவர் லம்பே பாபா, அரபு தேசத்துக் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய மகான். வங்காளி வீடுகளில் அவர் தவத்திலேயே மண்ணுக்குள் போன சாது. நம் தெருவில் அவர் கடலில் செத்த ஏதோ ஒரு சாமியார். கைதிகளைக் கொண்டுவந்து இறக்குவதற்கு ரொம்ப முன்னாலேயே அவர் அங்கே இருந்தார் என்பதில் மட்டும் யாருக்கும் சண்டை இல்லை.

அவரைப் பார்த்துக்கொண்டவரைத்தான் நாம் சாச்சா என்போம். பாதி ஹிந்தி, பாதி அவராகவே உண்டாக்கிக்கொண்ட தமிழ். பக்தர்கள் போர்த்துகிற பச்சைத் துணியை அவருடைய ஆடுகள் தின்னும். பக்தர்கள் வைக்கிற பத்தாஷா இனிப்பை அவர் தின்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவருக்குப் பக்கத்திலேயே நீட்டிப் படுத்துவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு சமாதி இருப்பதாகத் தெரியும்.

கல் எடுக்கிற வழக்கம் ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் யாராவது கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போனால், பெரியவர் மேலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து தண்ணீர்ப் பானைக்குள் போட்டுவிடுவார்கள். கல் தண்ணீருக்குள் குளிர்ந்து கிடக்கிறவரைக்கும் போனவருக்கு ஒன்றும் ஆகாது. பானை வற்றவே கூடாது. போனவர் திரும்பி வந்ததும் தன் கையாலேயே அந்தக் கல்லைக் கொண்டுபோய் எடுத்த இடத்தில் வைத்து இனிப்புக் கொடுக்க வேண்டும். திரும்பி வராமலே போய்விட்டால், வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு பூவோடு கொண்டுபோய் வைப்பார்கள். எப்படியானாலும் அதே கல்தான் திரும்ப வேண்டும். வேறு கல்லைப் பெரியவர் வாங்கமாட்டார்.

அந்த வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் என் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மெயின்லேண்டில்தான் அறுக்க வேண்டும். எனக்கு எட்டு வயசிருக்கும். அப்பா டிங்கியில் மீனுக்குப் போகிறவர், அடுப்பு மூட்டத் தெரியாது. அதனால் தூத்துக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து தன் அக்காவை வரவழைத்தார். அத்தை வந்த கப்பல் திரும்பிப் போகும்போது அம்மா அதில் ஏறுவதாக ஏற்பாடு, கூட மாமா துணை.

அத்தை நெடுநெடுவென்று இருப்பாள். புருஷன் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது, ஒரே மகனுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. ஹேடோ ஜெட்டியில் தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சி, “இதுதான் உன் அந்தமானால? நம்ம ஊரு மாதிரியேதான் நாறுது” என்றாள். அம்மா கப்பலேறியபோது அத்தை அழாமல் நின்றாள். அதற்காகவே நம் தெருப் பெண்கள் அவளுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பேர் வைத்தார்கள். என் தலையை இழுத்துப் பின்னுகிற பின்னலில் கண் மேலே ஏறிக்கொள்ளும். நானும் அந்தப் பேரை ஒத்துக்கொண்டேன்.

அப்பா வழக்கப்படி கல் எடுத்து வந்து பானையில் போட்டார். என்ன கல் என்று அத்தை கேட்டாள். அப்பாவுக்குக் கடலைவிட அக்காவிடம்தான் பயம். காலையும் மாலையும் ஜெபமாலை உருட்டுகிறவள், சமாதிக் கல் என்றால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள் என்று நினைத்து, “தண்ணி தெளியுறதுக்குக்கா. இங்க தண்ணி கொஞ்சம் கலங்கலு” என்று சொல்லி வைத்தார். அவர் செய்த தப்பு அதுதான்.

எனக்கு அது என்ன கல் என்று தெரியும். ராத்திரி ஜெபம் முடிந்ததும் பானைக்குள் தோள்வரை கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சின்னச் சின்னப் பூ. அம்மா அங்கே இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நனைந்த சட்டையோடு போய்ப் படுத்தால் தூக்கம் வரும்.

அத்தைக்கு வெற்றிலை வேண்டும். சோறு இல்லாமல் இருப்பாள், வெற்றிலை இல்லாமல் இருக்கமாட்டாள். பஜாரில் வாங்கிய சுண்ணாம்பு நாக்கைப் பொத்துவிட்டது என்று இந்தத் தீவையே திட்டினாள். ஊரில் தன் கையால் சுண்ணாம்பு நீற்றிப் பழகியவள். ஒரு சனிக்கிழமை கொல்லையில் சிரட்டைக் கரி மூட்டி, கரையில் பொறுக்கிய சிப்பிகளைச் சுட்டாள். சுட்டதை எடுத்து வெந்நீர் தெளித்தால் புஸ்ஸென்று சீறி, வெடித்து, மாவாக உதிரும். அந்தக் காரமான ஆவி இப்போதுகூட என் மூக்கில் இருக்கிறது. நான் கைதட்டிக்கொண்டு பார்த்தேன்.

அன்றைக்கு ராத்திரி பானைக்குள் கைவிட்டேன். அடி மண்பானைதான் தட்டுப்பட்டது. சுற்றிச் சுற்றித் துழாவினேன்.

“அத்தே, இதுல இருந்த கல்லு?”

“அதா? பானையைக் கழுவும்போது எடுத்தேன். நல்ல கல்லுட்டி! சிப்பியெல்லாம் அதுகிட்ட நிக்க முடியுமா? பாலு மாதிரி நீறிச்சு.” அத்தை சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து காட்டினாள். வாய் நிறையச் சிவப்பு. “தண்ணி தெளியுறதுக்கு வேற கல்லு போட்டுக்கலாம், கரையில இல்லாத கல்லா?”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வங்காளி மாமி விளக்கோடு ஓடி வந்தாள்.

அப்பா அடுத்த நாள் விடிந்து கரையேறியவர், விஷயத்தைக் கேட்டதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு உண்மையைச் சொன்னார். அத்தை முதலில் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாள்.

“இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்னல? நான் என்ன புலியா?”

“நீ திட்டுவேன்னுதான்க்கா...”

“திட்டத்தான் செய்வேன். திட்டிட்டு, கல்லைத் தொடாம இருந்திருப்பேம்லா!”

வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு வந்து, செம்பு செம்பாகத் தண்ணீர் மொண்டு கொப்பளித்தாள். சிவப்பு போகவில்லை. போகாத சிவப்போடு முக்காட்டைப் போட்டுக்கொண்டு, “வாங்க, அந்தப் பெரியவரைப் போய்ப் பாப்போம்” என்று கிளம்பிவிட்டாள்.

சாச்சா சாப்பிட்டுப் படுக்கப் போகிற நேரம். அப்பா ஹிந்தியில் விளக்கினார். சாச்சா அத்தையை மேலும் கீழும் பார்த்தார். “அரே பாய், மனுசன் மச்சி தின்னும், முர்கி தின்னும். பத்தர் யார் தின்னும்? கல்லு யார் தின்னும்?” என்றார். அவர் வாழ்நாளில் இப்படி ஒரு வழக்கு வந்ததே இல்லை. தாடியைச் சொறிந்தார், ஆட்டை விரட்டினார், கொட்டாவி விட்டார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: “பத்தர் இப்போ இவங்க பேட்டுக்குள்ளே, வயித்துக்குள்ளே இருக்கு. அப்போ இவங்கதான் பத்தர். பஸ், முடிஞ்சுது. ஜஹாஜ், கப்பல் வர்ற வரைக்கும் இங்கே உக்காரச் சொல்லு.”

தூக்கம் கெடக் கூடாது என்பதற்காகச் சாச்சா அடித்த கிண்டல் அது. அப்பாவுக்குப் புரிந்தது. அத்தைக்கு அது கிண்டலாகப் படவில்லை. கல்லை எடுத்த இடம் தலைமாட்டில் சின்னப் பள்ளமாக இருந்தது. மடியிலிருந்து டப்பாவை எடுத்து, மிச்சமிருந்த சுண்ணாம்பு முழுவதையும் விரலால் வழித்து அந்தப் பள்ளத்தில் பூசினாள். “இது திங்காதது. தின்னதுக்கு நான் இருக்கேன்” என்று சொல்லி, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். விடியலில் சோறு பொங்கி வைத்துவிட்டுப் போவாள், பொழுது சாயத்தான் வருவாள். பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு நான் போவேன். ஓடையில் முதலை இருக்கிறது என்று பயமுறுத்துவார்களே, பலகைப் பாலத்தை ஒரே ஓட்டமாகக் கடப்பேன். வெற்றிலையை அன்றோடு விட்டுவிட்டாள். பழக்க தோஷத்தில் வெறும் வாய் அசைந்துகொண்டே இருக்கும். நீங்கள் எல்லாரும் அதைப் பார்ப்பதற்காகவே வந்து தாழம்புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தீர்கள். எனக்குத் தெரியும், மறக்கவில்லை.

உபதேசியார்கூட வந்தார். கோயில் காரியங்களைக் கவனிக்கிற மனிதர், சும்மா விடுவாரா? “சர்வேசுரனுக்கு விரோதமாச்சேம்மா” என்றார். “ஜெபமாலைதான சொல்லுதேன்? எங்க இருந்து சொன்னா என்ன? தின்னவ உக்காந்திருக்கேன், நீரு போம்” என்றாள் அத்தை. அவர் போய்விட்டார்.

பிறகு ஒரு கப்பல் வந்தது. அம்மா அதில் இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த நம் தெருக்காரர் ஒருவர் இருந்தார். “ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. நான் புறப்படுற வரைக்கும் கண்ணு முழிக்கலை” என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். நான் அப்பாவின் காலுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

அடுத்த கப்பலுக்குள் கடலில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மழை நாள்கணக்கில் பிடித்துக்கொண்டது. அப்பா போய், “எந்திரிக்கா, காய்ச்சல் வந்துரும்” என்று கெஞ்சினார். அத்தை அசையவில்லை. சாச்சாதான் தலையில் அடித்துக்கொண்டு தன் தார்ப்பாயைக் கொண்டுவந்து மோவாக் கிளையிலிருந்து அவள் தலைக்கு மேலே கட்டினார். “நான் தமாஷா பண்ணினேன் பெஹன், வீட்டுக்குப் போ” என்று பதற்றத்தில் முழுக்க ஹிந்தியிலேயே எத்தனையோ தடவை சொன்னார். அவளுக்கு ஹிந்தி தெரியாது. தெரிந்தாலும் போயிருக்கமாட்டாள். அப்புறம் அவர் அவளுக்கு டீ போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்.

ஒரு சாயங்காலம் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் அத்தையும் நானும் ஆடுகளும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஈர ஆட்டு நாற்றம். அலை முனையில் மோதி மேலே தெறித்தது. அம்மா செத்துவிட்டாளா என்று கேட்டேன். அத்தை என்னை இழுத்து முந்தானைக்குள் சேர்த்துக்கொண்டாள்.

“நான் இங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்ல, அவ எப்படிட்டி சாவா?”

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நான் வந்தப்போ எனக்கு ஒருத்தரும் கல்லு எடுக்கல. எங்க ஊர்ல அந்தப் பழக்கம் கெடையாது. எடுக்கவும் ஆளு கெடையாது. எப்படியோ வந்து சேந்துட்டேன்.” பிறகு, “இந்த இடம் நல்லாத்தான்ட்டி இருக்கு” என்றாள். எனக்கு அப்போது குளிர்தான் பெரிதாக இருந்தது. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

மழை வெளுத்த ஒரு காலையில் கப்பல் வருகிறது என்றார்கள். ஆள் அனுப்பிச் செய்தி சொல்ல வழியில்லாததால் அம்மா அதில் இருக்கிறாளா என்று தெரியாது. அப்பாவும் நானும் ஜெட்டிக்குப் புறப்பட்டோம். அத்தையைக் கூப்பிட்டேன். “கல்லு ஜெட்டிக்கு வருமாட்டி?” என்று சொல்லிவிட்டு முனைக்குப் போய்விட்டாள்.

ஹேடோவில் ஏணி இறக்கி, கூட்டம் கூட்டமாக இறங்கி, மூட்டைகள் இறங்கி, எல்லாரும் இறங்கி முடித்த பிறகு, மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு ஒல்லியான பொம்பளை வந்தாள். சேலையை வைத்துத்தான் அது அம்மா என்று எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போனவளை மாமா பிடித்து நிறுத்தினார், தையல் இருக்கிறதாம். நான் அவள் முந்தானையை மட்டும் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வண்டூர் பஸ்ஸில் அப்பா நடந்ததைச் சொன்னார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிரும்” என்றாள். கொஞ்ச தூரம் போனதும் பார்த்தால் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகமாட்டேன், முதலில் அங்கேதான் என்று பிடிவாதம் பிடித்தாள். அப்பாவும் மாமாவும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பலகைப் பாலத்தைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அத்தை அதே இடத்தில் இருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கல் தானாக எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். அம்மா நாற்காலியிலிருந்து இறங்கி, மெதுவாக நடந்துபோய், அத்தையின் இரண்டு தோளையும் பிடித்து அந்தச் சுண்ணாம்புப் பள்ளத்தின் மேல் அவள் முதுகு படும்படி ஒரு நிமிஷம் சாய்த்துவைத்தாள்.

“பெரியவரே, ஒங்க கல்லைச் சேத்துட்டேன்” என்றாள். அப்புறம் வழியில் வாங்கி வந்திருந்த பத்தாஷாவை எடுத்தாள். பெரியவருக்கு வைக்க வேண்டியதை அத்தையின் வாயில் ஊட்டினாள். “மைனி, நான் வந்துட்டேன். எந்திரிங்க.”

அப்போதுதான் அந்தக் கல்நெஞ்சுக்காரி அழுதாள். வாய் நிறையப் பத்தாஷாவோடு, ஓவென்று, ஆடுகள் மிரண்டு ஓடுகிற மாதிரி அழுதாள். சாச்சா, “கல்லு ஏன் அழுகுது?” என்று கேட்டுவிட்டு, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரத்துப்போன காலோடு எழ முடியாத அத்தையை நாங்கள் எல்லாரும் சேர்ந்து தூக்கினோம்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியதே இல்லை.

அம்மா தேறிய பிறகு ஒரு நாள் அப்பா சந்தோஷமாக வந்து, அத்தைக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னார். அக்கா எங்களால் பட்டது போதும், மகன் வீட்டில் காலை நீட்டி உட்காரட்டும் என்று நினைத்தார். நல்ல மனசோடுதான் நினைத்தார். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அத்தை என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. “சரிப்பா” என்றாள். இருக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை. இருங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒருத்தருக்கொருத்தர் பாரமாகிவிடக் கூடாது என்று அவ்வளவு மரியாதை!

புறப்படுகிற அன்று அம்மாவே முனைக்குப் போய் ஒரு கல் எடுத்து வந்தாள். அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்லா நீறும்” என்று சொல்லிவிட்டு என் கையில் கொடுத்தாள். “பானையில போடுட்டி. வெத்தலை போடுறவ எவளையும் வீட்டுக்குள்ள விட்டுராத.”

நான் போட்டேன். அவள் திரும்பி வரவில்லை. சில வருஷம் கழித்து அவள் இறந்துவிட்டதாகச் செய்தி மட்டும் வந்தது. அப்பா பூ வாங்கி வந்து, கல்லை எடுத்துக் கொடு என்றார். அம்மா பானைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். “மைனியைத் திரும்பி வாங்கன்னு உயிரோட இருந்தப்ப நாம ஒரு வார்த்தை கேக்கல. இப்பவாவது கேட்டுக்கிட்டு இருக்கேன், விடுங்க” என்றாள். அப்பா பூவை மாதா படத்துக்குப் போட்டுவிட்டார்.

சுனாமி வந்த அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பானை, பாய், மாதா படம் எல்லாம் மிதந்து போயின. தண்ணீர் வடிந்ததும் அம்மா அடுக்களை மூலைச் சேற்றில் கையை விட்டுத் துழாவினாள், நான் சின்ன வயசில் பானைக்குள் துழாவின மாதிரியே. கல் அங்கேயே கிடந்தது. நிலம் தாழ்ந்துபோய் முனை கடலுக்குள் இறங்கிவிட்டது. மோவா மரம் பட்டுப்போய் நிற்கிறது. சாச்சாவின் பேரன்கள் அதில் ஒரு பச்சைக் கொடி கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் நன்றாக வற்றுகிற நாட்களில் மட்டும் பெரியவர் வெளியே தெரிகிறார். பேரப்பிள்ளைகள் இப்போது விமானத்தில் போகிறார்கள், கல் எடுக்க யாருக்கும் நேரமில்லை. அப்பா போனார். அம்மாவும் போனாள். போகும்போது அந்தக் கல்லை என்னிடம் கொடுத்தாள்.

பஜாரில் அவள் அப்படிக் கேட்டதும் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. போன தடவை கடல் வற்றியபோது, இப்போது நான் குடியிருக்கிற மின்னி பேயிலிருந்து பஸ் பிடித்து, கல்லும் ஒரு முழம் மல்லிகையுமாகப் போனேன். முட்டிவரை தண்ணீரில் நடந்து, தலைமாட்டைக் கண்டுபிடித்தேன். அந்தப் பள்ளம் இருந்தது. சுண்ணாம்பு எப்போதோ கரைந்துவிட்டது. அத்தை உட்கார்ந்த இடத்தில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். இந்த இடம் நல்லாத்தான் இருக்கு என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாகக் கேட்டது. கேட்டவள் நான் ஒருத்திதான், எட்டு வயசுக்காரி. கல்லை மடியில் வைத்துக்கொண்டு, “வாங்க அத்தே, நம்ம வீட்டுலயே இருங்க” என்று வாய்விட்டுச் சொன்னேன். அலை ஏறத் தொடங்கியதும் பூவை மட்டும் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கல் பானைக்குள்தான் இருக்கிறது. பானையை நான் வற்ற விடுவதில்லை. என் மகளின் மாமியார் மட்டும் நன்றாக வெற்றிலை போடுகிறவர். அவர் வருகிறார் என்றால் முதல் நாளே பானையை உள் அறைக்கு மாற்றிவிடுகிறேன்.